பக்கம் திருப்பும் மிதி: ஒன்பது மாதம் பாவித்த பிறகு

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முழத்துக்கும் குறைவான கறுப்புப் பலகை. அதில் இரண்டு மிதி, அடியில் இரண்டு பற்றரி. வலது மிதியை அமத்தினால் டெப்பில் (கையடக்கத் திரைக் கணினியில்) இருக்கும் இசைத்தாள் அடுத்த பக்கத்துக்குப் போகும். இடது மிதியை அமத்தினால் முந்தின பக்கம் வரும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தை மாதம் கனடாவிலிருந்து வந்த மருமகன் சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவில் துவாயால் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். விலை கேட்டேன். "நூறு டொலருக்குக் கொஞ்சம் கூட. அதை விடுங்கோ மாமி" என்றான். கம்பனிப் பெயரை எழுதவில்லை. கீழே குறை சொல்லப்போகிறேன், வீண் வம்பு வேண்டாம்.

நானாகக் கேட்டு எடுப்பித்த சாமான் இது. காரணம் போன டிசம்பர்.

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலேயே பியானோ படிப்பிக்கிறேன், முப்பத்தொரு வருடமாக. வயது அறுபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் பாமாலைக்கு வாசிப்பதும் நான்தான். போன வருட ஒளி விழாவில் கரோல்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் தனியாக ஏதாவது வாசிக்கச் சொல்லிப் போதகர் கேட்டார். பீத்தோவனின் 'பத்தெட்டிக்' சொனாட்டாவின் நடுப்பகுதியை வாசிப்பதாகச் சொன்னேன். பதினாறு வயதில் பாடமாக்கினது. என் கலியாணத்துக்கு முதல்நாள் வாசித்திருக்கிறேன், அப்பாவின் செத்தவீடு முடிந்த இரவிலும் வாசித்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நேரம் மெழுகுதிரிகூட ஏற்றாமல் இருட்டில் வாசித்த உருப்படி. புத்தகம் எதற்கு?

தெரியாதவர்களுக்காக அந்த உருப்படியின் வழியைச் சொல்ல வேண்டும். மொத்தம் 73 பார், பார் என்றால் தாளக் கணக்கில் ஒரு கட்டம். தலைப்பாட்டு ஒன்று, அது மூன்று தரம் வரும். முதல் தரம் முடிந்ததும் 17ஆவது பாரில் எஃப் மைனர் என்ற சுரக்கட்டின் பக்கம் ஒரு பாதை திரும்பும். தலைப்பாட்டு இரண்டாம் தரம் வந்து முடிய, 37ஆவது பாரில் ஏ ஃப்ளாட் மைனர் பக்கம் வேறொரு பாதை. சந்திக்கு வந்து சேரும் றோட்டு இரண்டு தரமும் ஒரே றோட்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்த பிறகு, இப்போது சந்தைக்குப் போக வந்தேனா, பஸ் எடுக்க வந்தேனா என்று யோசிப்பது மாதிரி. அந்த யோசனை வந்தால் முடிந்தது.

36ஆவது பார் முடிந்தது. கை எஃப் மைனருக்குப் போய்விட்டது.

இரண்டு பார் கடந்த பிறகுதான் தலைக்குத் தெரிந்தது. இங்கே ஏற்கெனவே வந்துவிட்டுப் போனவள் நான். மண்டபத்தில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். காத்தாடிச் சத்தம் தனியாகக் கேட்டது. நிறுத்தினால் எங்கே தொடங்குவதென்று தெரியாது, அதனால் நிறுத்தவில்லை. அந்தப் பாதையை முழுவதும் திரும்ப நடந்து, தலைப்பாட்டுக்கு வந்து, இரண்டாம் முறை சந்தியில் சரியாகத் திரும்பினேன். 17 முதல் 36 வரை இரண்டு தரம். பீத்தோவன் எழுதின 73 பார் என் கையில் 93 ஆனது.

பிறகு கட்லற்றும் பிளேன்ரீயும். வயதான ஒருவர் கிட்ட வந்து, "இந்தமுறை கொஞ்சம் நீளமாய் வாசிச்சனீங்கள், நல்லாயிருந்தது தங்கச்சி" என்றார். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் மாணவி ஒருத்தியைத் தவிர. பதினான்கு வயது, அதே உருப்படியை அப்போதுதான் தொடங்கியிருந்தாள். காதுக்குக் கிட்ட வந்து, "மிஸ், எஃப் மைனருக்கு ரெண்டு தரம் போனீங்கள், என்ன?" என்றாள். கட்லற் தொண்டையில் நின்றுவிட்டது.

வீட்டில் எல்லாரும் வயது போனால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள். அது ஆறுதலும் இல்லை, சரியும் இல்லை. வயதை மட்டும் சாட்டிவிட்டால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஸ்கேல்களை, அதாவது சுர வரிசைகளை, மறப்பதற்கு என்ன சொல்வது? லண்டன் றோயல் ஸ்கூல்ஸ் இசைப் பரீட்சையில் உருப்படிகளைப் புத்தகம் பார்த்து வாசிக்கலாம், ஸ்கேல்களைத்தான் பாராமல் வாசிக்க வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் வெளிறிப்போகும். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை வாயால் சொல்லச் சொன்னால் திணறுவோம், இயந்திரத்துக்கு முன்னால் நின்றால் விரல் தானாகத் தட்டும். பியானோவில் நாம் பாடமாக்கினோம் என்று நினைப்பதில் பெரும்பங்கு அந்த விரல் ஞாபகம். அது சங்கிலி மாதிரி, முந்தின வளையம்தான் அடுத்த வளையத்தை இழுக்கும். நடுவில் மனம் புகுந்து "இப்போது எங்கே நிற்கிறேன்?" என்று கேட்டால் சங்கிலி அறும். கோணேசர் கோயில் படியில் இறங்கும்போது கால் வைப்பதை நினைத்துப் பாருங்கள், தடுக்கும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பெயர்பெற்ற பியானோக்காரர்களில் யாரெல்லாம் மேடையில் தடுக்கினார்கள் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஆட்டுக்குட்டி எண்ணுவதற்குப் பதிலாக.

ஹோரோவிட்ஸ் பன்னிரண்டு வருடம் மேடைப் பக்கம் வராமல் இருந்துவிட்டு 1965 மே 9 அன்று நியூயோர்க் கார்னெகி ஹோலில் வந்து உட்கார்ந்தார். முதல் உருப்படி பாக் எழுதி புசோனி பியானோவுக்கு மாற்றியது. தொடக்கத்திலேயே பிழைச் சுரங்கள். பிறகு வந்த இசைத்தட்டில் சில இடங்களைத் திருத்தி விற்றார்கள். திருத்தாத ஒலிப்பதிவு வெளியில் வந்தது 2003 இல். இரண்டையும் கேட்டிருக்கிறேன், எனக்குத் திருத்தாததுதான் பிடிக்கும், ஆள் பயந்திருக்கிறார் என்று அதில் கேட்கிறது. சொப்பின் எழுதின உருப்படிகளைக் கோர்ட்டோ வாசித்த ஒலிப்பதிவுகளில் பிழைச் சுரம் பொறுக்கினால் ஒரு சுளகு நிறையும். இன்றைக்கும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். கிளென் கூல்ட் இந்தத் தலையிடியே வேண்டாமென்று 1964 இல் மேடையை விட்டுவிட்டு ஸ்ரூடியோவுக்குள் போய்விட்டார். அங்கே வெட்டி ஒட்டலாம்.

1999 இல் அம்ஸ்ரடாமில் நடந்ததை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கலாம். மரியா ஜுவாவ் பிரெஸ், போர்த்துக்கல்காரி. (எங்கள் நாட்டுப் பீரிஸ்மாருக்கும் அந்தப் பெயருக்கும் உறவு உண்டு.) மதிய நேரக் கச்சேரி. வாத்தியக்குழு மோட்சார்ட்டின் டீ மைனர் கொன்சேர்ட்டோவை, பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படியை, தொடங்குகிறது, அவர் வேறொரு மோட்சார்ட்டுக்கு ஆயத்தமாகி வந்திருக்கிறார். முகம் போகும் போக்கைப் பார்க்க வயிறு கலங்கும். குழுவை நடத்துகிற ரிக்கார்டோ ஷயி சிரித்துக்கொண்டே, உங்களுக்குத் தெரிந்ததுதானே என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார், கை நிற்கவில்லை. அந்த முன்னுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் பிரெஸ் முழுக் கொன்சேர்ட்டோவையும் மனதின் அடியிலிருந்து தூக்கி எடுத்து வாசித்தார். அதை ஐம்பது தரம் பார்த்திருப்பேன். நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் எழும்பி வீட்டுக்குப் போயிருப்பேன்.

உண்மையில் புத்தகமில்லாமல் வாசிக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வளவு பழையதில்லை. 1837 இல் பதினேழு வயதுக் கிளாரா, பிறகு இசையமைப்பாளர் ஷூமனைக் கட்டின கிளாராதான், பேர்லினில் பீத்தோவனைப் பாராமல் வாசித்தபோது அதைத் திமிர் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவரும் லிஸ்ற் என்ற பியானோக்காரரும் தொடக்கிவைத்த வழக்கம் பிறகு எல்லார் கழுத்திலும் கயிறானது. ரிக்டர் போன்ற மலை, சோவியத் பியானோக்காரர், தன் கடைசிக் காலத்தில் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு, பியானோவில் ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்துப் புத்தகம் பார்த்து வாசித்தார். பக்கத்து வீட்டு அக்கா கந்தசஷ்டிக்குக் கந்தபுராணம் படிக்கப் போவா. ஒருவர் படிக்க மற்றவர் பயன் சொல்வார், புத்தகம் எல்லாருக்கும் தெரிய முன்னால் விரிந்திருக்கும். ஒருவரும் குறையாக நினைப்பதில்லை. ரிக்டருக்கும் அக்காவுக்கும் இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு என்று விடியப்புறம் நான்கு மணிக்கு முடிவெடுத்து மருமகனுக்கு எழுதினேன்.

இனி மிதி.

டெப்போடு புளூடூத்தில் இணைப்பது ஐந்து நிமிட வேலை. டெப் இதை ஒரு தட்டச்சுப் பலகை என்று நம்பிவிடுகிறது, மிதியை அமத்துவது அம்புக்குறியைத் தட்டுவது மாதிரி. அதனால் மிதி இணைந்திருக்கும்வரை திரையில் எழுதுகிற பலகை வராது. இது தெரியாமல் முதல்நாள் வட்ஸ்அப்பில் நன்றி எழுதப் போய், டெப் பழுதாகிவிட்டது என்று அரை மணித்தியாலம் வியர்த்தேன். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இடம் அடுத்த பிரச்சினை. வலது கால் பியானோவின் பெடலில், அது நகர முடியாது. ஆகவே மிதியை இடது காலுக்கு வைக்க வேண்டும். சரி, ஆனால் மெல்ல வாசிக்கிற இடங்களில் பியானோவின் இடது பெடலும் வேண்டும். ஒரு கால், இரண்டு வேலை. பக்கம் திரும்புகிற இடமும் மெல்லிய இடமும் ஒன்றாக வந்தால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அத்தோடு வீட்டில் மினுக்கின சீமெந்து நிலம், சேர்ச்சில் ரைல்ஸ். அமத்த அமத்த மிதி முன்னுக்கு வழுக்கிப் போகும். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், எங்கள் புழுதிக்கு அது காணாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் கூட்டினால் மத்தியானம் மணல். குளியலறைக்கு வாங்குகிற ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டேன், இப்போது அசையாது. செருப்பைக் கழற்றி வெறுங்காலால் அமத்துவது நல்லது. சப்பாத்தோடு அமத்தினால் ஒன்று படாது, இல்லாவிட்டால் இரண்டு தரம் படும்.

அந்த இரண்டு தரம் படுவதுதான் பெரிய குறை. வைகாசியில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கலியாண வரவேற்பு. மோட்சார்ட்டின் கே 545 சொனாட்டா, நடுப்பகுதி. சப்பாத்தோடு இருந்தேன், புடைவைக் கரை வேறு மிதியில் தடக்கியது. ஒன்றாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குப் பாய்ந்துவிட்டது. இடது மிதியை அமத்தித் திரும்பி வரலாம், ஆனால் அந்த நேரத்தில் எந்த மிதி எது? மறதிக்குப் பயந்து வாங்கின சாமான் என்னை நடு றோட்டில் இறக்கிவிட்டது, ஒரு பக்கம் முழுவதையும் பாடத்தில் வாசித்தேன். பிசகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் புரியாணிக்கு எழும்பிவிட்டார்கள் என்பதால் பிசகியிருந்தாலும் ஒன்றுமில்லை.

இன்னொன்று, பற்றரியை மிச்சம் பிடிக்க மிதி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் நித்திரைக்குப் போகும். எழுப்ப ஒரு தரம் அமத்த வேண்டும், பிறகு டெப்போடு திரும்ப இணையச் சில விநாடி. வீட்டில் இது பெரிய விடயமில்லை. சேர்ச்சில் பிரசங்கம் நாற்பது நிமிடம். மிதி தூங்கிவிடும். அதை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைத்தான், பின்வரிசை வாங்குகளில் தூங்கினவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். இப்போது போதகர் "முடிவாக" என்று சொன்னவுடன் ஒரு தரம் அமத்திவைக்கிறேன். மூன்றாவது "முடிவாக" தான் உண்மையான முடிவு, ஆனாலும் முன்கவனம்.

நல்லவற்றைச் சொல்லாமல் விட்டால் மருமகன் கோபிப்பான். காத்தாடிக்குக் கீழே தாள் பறக்கிற தொல்லை ஒழிந்தது. முப்பது வருடம் உடுப்புக் கிளிப் குத்தி வாசித்தவள் நான். வெள்ளெழுத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கலாம். கரண்ட் போனாலும் திரை வெளிச்சத்தில் வாசிக்கலாம், ரிக்டரின் விளக்கு மாதிரி. டெப்பில் உள்ள செயலியில் அரைப் பக்கம் திருப்புகிற வசதி இருக்கிறது: மேல் பாதியில் அடுத்த பக்கம் வந்துவிடும், கீழ் பாதியில் இந்தப் பக்கத்தின் மிச்சம் நிற்கும். இதைப் போட்டுவிட்டால் மிதியை எந்த நொடியில் அமத்துவது என்ற பதற்றம் பாதியாகக் குறையும். வாங்குகிறவர்கள் முதல்நாளே இதைப் போடுங்கள். பத்து அங்குல டெப் காணாது, என்னுடையது அதுதான், கண் கெடுகிறது. பாமாலைக்கும் கீர்த்தனைக்கும், பாடகர் குழுவுக்குக் கூட வாசிக்கவும் இதைவிட நல்ல சாமான் இல்லை. ஒன்பது மாதத்தில் பற்றரி ஒரு தரம்தான் மாற்றினேன்.

ஆனால் நான் இதை வாங்கினது பாமாலைக்கு அல்ல.

ஈஸ்டருக்கு அதே பீத்தோவனை டெப்பும் மிதியுமாக வாசித்தேன். 73 பார், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. சந்தி வந்தது, 37ஆவது பார் கண்முன்னால் பளிச்சென்று நின்றது, திரும்பினேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு மகள் இரண்டு வீடியோவையும் அனுப்பினாள், டிசம்பரில் எடுத்ததும் ஈஸ்டரில் எடுத்ததும். பின்விறாந்தையில் இருந்து போட்டுக் கேட்டேன். ஈஸ்டர் வாசிப்பு கரண்ட் பில்லை வாசித்த மாதிரி இருந்தது. கண் அடுத்த வரியில், கால் மிதியில், காதுக்கு வேலையே இல்லை. டிசம்பரில், இரண்டாம் தரம் எஃப் மைனருக்குள் போன அந்தப் பன்னிரண்டு பாரில் வாசிக்கிறவளுக்கு அடுத்தது என்னவென்று தெரியாது. ஒவ்வொரு சுரமாகப் பிடித்துப் பிடித்து, கிணற்றுக் கட்டில் இருட்டில் நடக்கிற மாதிரி நடக்கிறாள். அப்படி மெல்ல நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பிறகும் வாசித்ததில்லை.

பிழை அழகு என்று சொல்ல வரவில்லை. என் மாணவர்கள் யாராவது அப்படிச் சொன்னால் அடிமட்டத்தால் விரலில் தட்டுவேன். புரூனோ ரெப் என்ற ஆய்வாளர் 1996 இல் பத்துப் பியானோக்காரர்களின் வாசிப்பைச் சுரம் சுரமாக எண்ணிப் பார்த்தார். பிழைகள் ஏராளம், ஆனால் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற காதுகளுக்கும் பிடிபடவில்லை, ஏனென்றால் அவை நடுக்குரல்களில், சுற்றியுள்ள இசையோடு ஒத்துப்போகிற சுரங்களாக ஒளிந்திருந்தன. இதைப் படித்த பிறகு, நான் பயந்தது எண்பது பேரின் காதுக்கு அல்ல என்று விளங்கியது. ஒரு காதுக்குத்தான் பயந்தேன், அதுவும் பதினான்கு வயதுக் காது.

ஆகவே என் கணக்கு: பாமாலைக்கு வாசிப்பவர், பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர், பாடசாலை விழாக்களில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து வாசிப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஐந்துக்கு நான்கு, வழுக்குவதற்காக ஒன்றைக் குறைத்தேன். தனியாக மேடையில் வாசிக்கிறவர், மறந்துவிடுமோ என்று பயந்து வாங்குகிறவர் என்றால் ஐந்துக்கு இரண்டரை. பாடமாக்கின உருப்படியை வாசிக்கும்போது பாதியில் கண்ணைத் தூக்கித் தாளைப் பார்த்தால் எந்த வரியில் நிற்கிறோம் என்று தேடவே இரண்டு பார் போய்விடும், அந்தத் தேடலிலேயே தொலைவோம். தாளை முதலிலிருந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கவே கூடாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், மூன்று பக்க உருப்படிக்கு ஒரு போட்டோப் பிரதியும் கொஞ்சம் ஒட்டும் நாடாவும் போதும்.

இந்த டிசம்பருக்கும் போதகர் கேட்டுவிட்டார். அதே உருப்படிதான் வாசிக்கிறேன், மிதி இல்லாமல். சந்தி இரண்டையும் ஒரு தபாலட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: மேலே 16 முடிந்து 17, கீழே 36 முடிந்து 37. தினமும் முதலிலிருந்து வாசிப்பதை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு இடத்திலிருந்து மட்டும் தொடங்கிப் பழகுகிறேன், நித்திரையால் எழும்பினவுடன், தேத்தண்ணி குடிக்க முதலே. கோவித்துக்கொள்ளாமல் விரல் போகிறது. மழை தொடங்கியதால் நடு எஃப் கட்டை ஊதிப்போய் அமத்தினால் மேலே வர யோசிக்கிறது, அது வேறு கதை. கொழும்பிலிருந்து சுருதி சேர்க்கிறவர் வருகிற தேதியைப் பொறுத்தது.

போன சனிக்கிழமை அந்த மாணவிக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். தபாலட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தமுறை எத்தனை தரம் போவீங்கள் மிஸ்?" என்றாள்.